பேழைக்குள் ஓர் ஊர்

மறைமலை நகரில் நாம் குடியிருக்கும் பகுதியில் வீடு மாறாதவர்கள் அரியர். ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும், அப்பால் ஒரகடம், திருப்பெரும்புதூர் வரையிலும் நீண்டு கிடக்கும் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தால் வருகிறார்கள்; வேலை மாறினால் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அப்படிக் குடிபெயர்ந்த அண்டை வீட்டு நண்பர் ஒருவர், வண்டியில் இடமில்லை என்று நம்மிடம் விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று ஆட்டுரல். மற்றொன்று 'மால்குடி டேஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் குறுந்தகடுகள் அடங்கிய அட்டைப் பெட்டி. ஆட்டுரல் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. பெட்டியோ ஓராண்டுக் காலம் நம் வீட்டாரை ஆட்கொண்டுவிட்டது. அந்த ஓராண்டில் நம் உள்ளத்தில் எழுந்த சில எண்ணங்களை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இளையோருக்காக ஒரு சொல். சென்னை தந்த ஆர்.கே. நாராயண் (1906 - 2001) ஆங்கிலத்தில் எழுதிய கதைகளில் வரும் கற்பனை ஊரே மால்குடி. அந்தக் கதைகளைச் சங்கர் நாக் என்னும் கன்னடக் கலைஞர் இயக்க, எண்பதுகளின் பிற்பகுதியில் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. முப்பத்தொன்பது பகுதிகள், ஒவ்வொன்றும் அரைமணிக்கும் குறைவு. சிறுவன் சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அவன் தந்தையாகக் கிரீஷ் கர்னாட், மிட்டாய்க் கடைக்காரர் ஜகனாக அனந்த் நாக் ஆகியோர் நடித்தனர். எல். வைத்தியநாதன் இசையமைத்தார். தொடக்கத்தில் தோன்றும் சித்திரங்கள் நாராயணின் இளவல் ஆர்.கே. லக்ஷ்மணின் கைவண்ணம். சங்கர் நாக் 1990 செப்டம்பர் 30 அன்று சாலை விபத்தொன்றில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. 2006இல் கவிதா லங்கேஷ் மேலும் பதினைந்து பகுதிகளை எடுத்தார். அவற்றிலும் நல்ல இடங்கள் உண்டு. எனினும் முதலில் வந்தவற்றில் இருக்கும் அந்த அவசரமின்மை அவற்றில் இல்லை என்பது நம் கருத்து.

தொலைக்காட்சியில் வந்துபோகும் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்வது ஏன்? நூலை வைத்துக்கொள்கிறோம், அதன் காரணம் விளங்குகிறது. நாடகத்தை வைத்துக்கொள்வானேன்?

இந்த வினாவுக்கு நம் சமூகத்துக் குடும்பங்களில் ஒரு விடை ஏற்கெனவே இருந்தது. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுப்பில் வந்தவர்களின் பெட்டிகளில் அத்தர், கம்பளி, டார்ச் விளக்கு ஆகியவற்றோடு 'டெக்' ஒன்றும் வந்து இறங்கியது. ஊரில் ஒருவர் வீட்டில் டெக் இருந்தால் தெருவே அங்குதான். அதற்கும் முன்னர் ஒலிநாடாக்களில் குரலைப் பதிந்து கடிதத்துக்குப் பதிலாக அனுப்பிக்கொண்ட கணவன் மனைவியரை நாம் அறிவோம். பின்னர் திருமணக் கேசட்டுகள் வந்தன. தங்கையின் நிக்காஹ்வுக்கு வர இயலாத அண்ணன், அக்கரையில் எட்டுப் பேர் தங்கும் அறையில் அமர்ந்து அதைப் பார்த்தான். ஆக, ஒளிநாடா என்பது நம்மவருக்குப் பொழுதுபோக்குப் பொருளாக மட்டும் வந்ததன்று. உடன் இருக்க முடியாதவருக்கு உரிய பங்கை எடுத்து வைக்கும் பாத்திரமாகவே வந்தது. (தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊரில் அமர்ந்துகொண்டு டெக் என்றும் கேசட் என்றும் எழுதுகிறோம். அடிகளார் பொறுத்தருள்வாராக. மக்கள் வழங்கிய பெயர் அதுவே.)

ஆங்கில நாட்டிலும் இத்தகைய பற்று உண்டு. யார்க்ஷயரில் தர்ஸ்க் என்னும் சிற்றூரில் கால்நடை மருத்துவம் பார்த்த ஆல்ஃப் வைட் என்பவர், ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் தம் அனுபவங்களை எழுதினார். அவற்றை 'ஆல் கிரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்' என்ற பெயரில் பிபிசி 1978 முதல் 1990 வரை, இடையில் சில ஆண்டுகள் விட்டு, தொண்ணூறு பகுதிகளாக ஒளிபரப்பியது. மாடு கன்று ஈனும், கிழவர் ஒருவர் தம் நாயை இழப்பார், மழை பெய்யும், தேநீர் வரும். அவ்வளவுதான். அதை ஒளிநாடாவாகவும் பின்னர் குறுந்தகடாகவும் தொகுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கு மிகப் பல. அவர்கள் அவ்வாறு சேர்த்து வைப்பதில் ஒரு நியாயமும் உண்டு. ஒளிநாடா விலைமிக்கதாக இருந்த அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிபிசியே தன் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியவற்றைப் பதிந்துகொண்டது. எத்தனையோ நாடகங்கள் அப்படி மறைந்தன. நிலையம் காக்கும் என்று நம்பி இருக்கலாகாது என்பதை அந்நாட்டு மக்கள் பட்டறிந்து கொண்டார்கள்.

ஹெரியட்டின் டாரோபியும் நாராயணின் மால்குடியும் வரைபடத்தில் இல்லாத ஊர்கள். இரண்டு கதைகளும் முப்பதுகளில் தொடங்குகின்றன. இரண்டும் 'மென்மையானவை' என்று பெயர் பெற்றவை. ஆயினும் இவ்விரு மென்மைகளும் ஒன்றல்ல. டாரோபி மக்களுக்குத் தங்கள் நாடு யாருடையது என்ற கேள்வி எழ வேண்டிய தேவையே இல்லை. சுவாமியோ கூட்டத்தில் கேட்ட பேச்சில் உணர்ச்சிவசப்பட்டுத் தன் தொப்பி அந்நியத் துணி என்று எண்ணி நெருப்பில் எறிகிறான். பள்ளிச் சன்னலை உடைக்கிறான். பள்ளியை விட்டே விலக நேர்கிறது. அவன் மதத்தை ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இழித்துப் பேசும்போது, தந்தை கூச்சலிடவில்லை. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புகிறார். சிறுபான்மையினராகிய நாம் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது அந்தக் கடிதத்தின் அருமையை நன்கு உணர்கிறோம். ஆக, மால்குடியில் துன்பமும் உண்டு, அநீதியும் உண்டு. அவை உரத்த குரலில் பேசப்படுவதில்லை என்பதே வேறுபாடு.

இந்த மென்மையைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. வறுமையை அழகாக்கிக் காட்டுகிறார்கள், சாதியின் கொடுமை காணோம், எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள் என்பார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நாமும் ஒன்று சேர்த்துக்கொள்வோம்: தமிழகத்துக் கடைத்தெருவின் சாயல் தெரியும் அந்த ஊரில், ராவுத்தர் கடையோ மரைக்காயர் மண்டியோ கதையின் நடுவே வருவது அரிது. நம்மவர் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்கிறார்கள். அஃது எழுத்தாளரின் கண் எட்டிய தொலைவு. அதற்காக அவரோடு வழக்காட வேண்டியதில்லை. நம் தெருவை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

வேறொரு குறை படமாக்கத்தில் நேர்ந்தது. தொடரின் பெரும்பகுதி எடுக்கப்பட்ட இடம் கர்நாடகத்து ஆகும்பே. ஆண்டுக்கு ஏழாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் மலைச்சிற்றூர். கோடையில் சரயு ஆறு மணல்வெளியாகிவிடும் மால்குடியோ வெயிலின் ஊர். தொடரில் மரங்களின் பச்சையும் ஓடுகளின் ஈரமும் கண்ணைக் குளிர்விக்கின்றன; ஆனால் வெயிலில் புழுதி கிளப்பிக்கொண்டு நடக்கும் அந்தச் சுவாமி கொஞ்சம் காணாமற்போகிறான். இருந்தாலும் 1965இல் 'கைடு' கதையைத் திரைப்படமாக எடுத்தவர்கள் மால்குடியைத் தூக்கி இராஜஸ்தானத்து அரண்மனைகளின் நடுவே வைத்ததோடு ஒப்பிட்டால், சங்கர் நாக் செய்தது சிறு பிழையே. அத்திரைப்படத்தின்மீது நாராயண் கொண்ட மனக்குறையை அவரே கட்டுரையாக எழுதினார். சங்கர் நாக் ஊரைச் சிறிதாகவே வைத்துக்கொண்டார். இதுவே அவர் செய்த பேருபகாரம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதைக் கன்னட மண்ணில் வைத்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் எடுத்தார்கள். நம் கைக்கு வந்த பெட்டியில் இருந்தது இந்தி. நம் பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது, நமக்கும் அரைகுறைதான். வாப்பா மட்டும் குவைத்தில் பதினேழு ஆண்டுகள் வடநாட்டாரோடும் பாகிஸ்தானியரோடும் ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தவர். அவரே மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் அவர் குரல் தமிழில் ஒலிக்கும். சில நேரங்களில் வசனம் சிறியதாகவும் வாப்பாவின் தமிழ் நீண்டதாகவும் இருக்கும். அவர் தம் சொந்தச் சரக்கையும் கலக்கிறார் என்று உம்மா குற்றம் சாட்டுவதுண்டு. இப்படித்தான் மால்குடி, சுற்றி வளைத்துத் தமிழுக்குத் திரும்பி வந்தது.

கதைகளில் ஒன்றை மட்டும் இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும். தாணப்பா என்னும் தபால்காரர் தம் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டின் இன்ப துன்பத்தையும் அறிந்தவர். இராமானுஜம் என்பவரின் மகளுக்கு வரன் அமையாமல் நாள் கழிகிறது. ஒருவாறு அமைகிறது. குறித்த நாளில் மணம் நடக்காவிட்டால் மாப்பிள்ளை பயிற்சிக்குப் போய்விடுவார். மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டும். மணநாள் நெருங்கும்போது சேலத்திலிருந்து அட்டை வருகிறது: உறவினர் ஒருவர் இறக்கும் தறுவாயில் இருக்கிறார். அடுத்து இறப்புச் செய்தியும் வருகிறது. தாணப்பா இரண்டையும் கொடுக்கவில்லை. திருமணம் நடந்து முடிகிறது. பிறகு தாமே சென்று அவற்றைக் கொடுத்து, தாம் செய்ததைச் சொல்கிறார். மேலிடத்துக்கு நீங்கள் புகார் எழுதலாம், என் வேலை போய்விடும் என்றும் அவரே சொல்கிறார். இராமானுஜம் எழுதவில்லை.

முதன்முறை பார்த்தபோது இதை ஓர் இனிய கதையாகவே கண்டோம். பார்த்து முடிந்ததும் வீட்டில் வழக்கு எழுந்தது. கடிதம் என்பது அமானிதம் அன்றோ? உரியவரிடம் சேர்க்க வேண்டியதைத் தன் விருப்பப்படி நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை ஏது? மூத்த பிள்ளை இப்படிக் கேட்டாள். ஒரு பெண்ணின் வாழ்வு நிலைபெற்றதே, இரக்கத்தால் செய்தது குற்றமாகுமா என்றார் உம்மா. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரவு இஷாவுக்குப் பிறகு அதே தகட்டை மீண்டும் போடச் சொன்னார். அன்று அவர் மொழிபெயர்க்கவில்லை.

காரணம் நமக்குத் தெரியும். 1978இல் வாப்பாவின் தாயார் ஊரில் மவுத்தானபோது அவர் குவைத்துக்குச் சென்று நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. பயணத்துக்கு வாங்கிய கடன் அப்படியே இருந்தது. செய்தி தெரிந்தால் உடைந்துபோவார், வேலையை விட்டுப் புறப்பட்டு வந்துவிடுவார் என்று வீட்டுப் பெரியவர்கள் கூடித் தந்தி அடிக்க வேண்டாம் என முடிவு செய்தார்கள். நாற்பது நாள் கழிந்த பின்னர், ஒரு கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், மழை, அறுவடை, அக்காள் மகன் சுன்னத்து ஆகிய செய்திகளுக்கு இடையே ஒரு வரியாக அது வந்தது. நம் ஊர்களில் இப்படிச் செய்தி பெற்றவர் வாப்பா ஒருவர் மட்டுமல்லர். அக்கரைப் பிழைப்பை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களில் இப்படி ஒரு மறைத்து வைத்த கடிதம் உண்டு.

மூன்றாம் முறை பார்த்த பின்னர் வாப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "அந்தத் தபால்காரர் தானே வந்து கையில கொடுத்தாரே. என்கிட்ட யாரும் அப்படி வரலை. ஊருக்குப் போனபோதும் 'நாங்கதான் மறைச்சோம்'னு ஒருத்தர்கூடச் சொல்லலை."

திறனாய்வாளர் பலர் எழுதியும் நமக்கு விளங்காத ஒன்று அவ்வொரு சொல்லில் விளங்கிற்று. இக்கதையின் மென்மை தாணப்பாவின் இரக்கத்தில் மட்டும் இல்லை. தாம் மறைத்ததைத் தாமே ஒப்புக்கொண்டு, தம் பிழைப்பையே அவர் கையில் ஒப்படைத்துவிட்டு நிற்கிறாரே, அங்கு இருக்கிறது. இரக்கத்துக்கு உரிய விலையை அவர் கொடுக்க முன்வருகிறார். அந்தக் காட்சி இல்லையேல் இது வெறும் மறைப்புக் கதை. தொலைக்காட்சியில் ஒருமுறை வந்து போயிருந்தால் நாம் இதைக் கவனித்திருக்க மாட்டோம். உரக்கப் பேசும் நாடகம் தன் பொருளை முதல் தடவையிலேயே நம்மீது வீசிவிடும். இரண்டாம் தடவை பார்க்க அதில் ஏதுமில்லை. சாந்தமாகப் பேசும் நாடகமோ முதல் தடவை இனிக்கிறது, பிறகே தைக்கிறது. ஆகவே, வீட்டில் வைத்துக்கொள்ளும் தகுதி இத்தகைய தொடர்களுக்கே அதிகம் என்போம்.

வைத்துக்கொள்வது வேறு, சேர்த்துக் குவிப்பது வேறு. பெட்டியின் எல்லாப் பகுதிகளையும் ஒரே விடுமுறையில் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்று நம் இளைய பிள்ளை துடித்தான். ஒரு ஞாயிறன்று ஒன்பது பகுதிகளைத் தொடர்ந்து பார்த்தோம். மாலையில் அவனைக் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. பச்சைக் கோட்டுத் திருடன் கதையும் சாலை உருளை எந்திரத்தைப் பரிசாகப் பெற்றவன் கதையும் கலந்து போயிருந்தன. பிறகு இரவுக்கு ஒன்று என்று வரையறை செய்தோம். இவ்வூரில் அதுவும் எளிதன்று. வீட்டில் ஒருவருக்கு முதல் ஷிப்டு, ஒருவருக்கு இரவு ஷிப்டு. நம் இளவல் வாரத்தில் மூன்று நாள் நள்ளிரவு கடந்தே வீடு திரும்புகிறார். அவருக்காகத் தகட்டை எந்திரத்திலேயே விட்டு வைப்போம். அவர் தனியே பார்த்துவிட்டு உறங்குவார். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் அரைமணியில் அது பற்றிப் பேச்சு நடக்கும். நாராயண் எழுதிய கதை ஒன்றில், வெங்கட் ராவ் என்னும் குமாஸ்தா மகளைச் சினிமாவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு அலுவலகத்தில் சிக்கிக்கொள்கிறார். ஆத்திரத்தில் வேலையை விட்டு விலகக் கடிதம் எழுதுகிறார். சம்பளம் நாற்பதிலிருந்து நாற்பத்தைந்தாக உயர்ந்திருப்பதை அறிந்ததும் அதைக் கிழித்துவிடுகிறார். வீடு திரும்பும்போது குழந்தை புதுச்சட்டையைக் களையாமலே உறங்கிப் போயிருக்கிறாள். அதைப் பற்றி மறுநாள் காலை நம் இளவல் பேச விரும்பவில்லை. "இட்லி ஆறுது, சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

இனி, வாங்கும் வழியைப் பற்றிச் சிறிது. மறைமலை நகரில் ஏறினால் மின்சார வண்டி நேரே கடற்கரை நிலையத்தில் இறக்கிவிடும். அதன் வாயிலிலேயே பர்மா பஜார். பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய தமிழர்கள் அமைத்துக்கொண்ட அந்தக் கடைவரிசையில் ஒருகாலத்தில் கிடைக்காத ஒளிநாடாவும் இல்லை, தகடும் இல்லை. அவற்றில் திருட்டுப் பிரதிகள் எத்தனை என்பதை எல்லாரும் அறிவர். தமிழக அரசு 2004இல் திருட்டு வீடியோ தயாரிப்போரையும் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்களில் தொழுகையை விடாதவர்களும் இருந்தார்கள். இசையமைத்தவர், நடித்த சிறுவன், விளக்குப் பிடித்த தொழிலாளி ஆகியோரின் கூலி அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்பதில்லை. பழம் விற்பவனிடம் ஒரு காசு குறைத்துக் கொடுக்க அஞ்சுகிற நாம் இதில் மட்டும் ஏன் இத்தனை துணிகிறோம் என்பது நமக்கு விளங்கவில்லை. நண்பர் விட்டுச் சென்ற பெட்டி முறையாக வாங்கியது. விலைச்சீட்டையும் அவர் உள்ளேயே வைத்திருந்தார்.

இந்நாளில் தகடு எதற்கு, கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. ஆனால் கைப்பேசித் திரையின் முன் ஒருவருக்குத்தான் இடம். வாப்பாவின் மொழிபெயர்ப்பை அதில் எங்கே வைப்பது? அன்றியும், இன்று இருப்பது நாளை அங்கு இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. யாரோ ஒருவர் ஏற்றுகிறார், யாரோ ஒருவர் எடுத்துவிடுகிறார். தகட்டுக்கும் ஆயுள் உண்டு என்பதை மறுக்கவில்லை. நம் வீட்டுத் திருமணக் கேசட்டுகளில் பூஞ்சை படர்ந்து, மாப்பிள்ளை ஊர்வலம் பனிமூட்டத்தில் நடப்பதுபோல் தெரிகிறது. தகடு போடும் எந்திரமும் இப்போது கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. பழுதானால் பார்த்துத் தருபவரைத் தேடித் தாம்பரம் வரை போக வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் அந்த நண்பர் புனேயிலிருந்து தொலைபேசியில் பேசினார். கோடை விடுமுறைக்கு வருவதாகவும், பெட்டி பத்திரமாக இருந்தால் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஆட்டுரலைப் பற்றிக் கேட்கவில்லை. பெட்டியும் அமானிதம்தானே; துடைத்து, வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறோம். ஒரு தகடு மட்டும் உள்ளே இல்லை. அதை வாப்பா தம் அலமாரியில் வைத்திருக்கிறார். நண்பர் வரும்போது தாமே கையில் கொடுத்து, தாம்தான் எடுத்து வைத்திருந்ததாகச் சொல்லிவிடுவாராம்.